பால்கனியைத் தாங்குவது எது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் போன் செய்து, "சந்திப்புல இருபது நிமிஷம் பேசணும்பா, எதைப் பத்தி வேணும்னாலும் பேசு" என்றார். "பால்கனியைப் பத்திப் பேசறேண்ணே" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பால்கனியைப் பத்தி இருபது நிமிஷமா?" என்று கேட்டார். மலரில் அச்சேறும் இந்த உரைக்கு நான் பொறுப்பு. நேரத்துக்கு அவர் பொறுப்பு.

பால்கனி என்றால் நமக்கு என்ன? துணி காயப்போடுகிற இடம். துளசி வைக்கிற இடம். ஓசூரில் அடுக்குமாடி வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கதவைத்தான். ஆனால் சிவில் படித்தவனுக்கு அது வேறு. வீட்டின் மற்ற எல்லாப் பகுதிக்கும் இரண்டு பக்கமோ நாலு பக்கமோ தாங்கல் உண்டு. பால்கனிக்கு ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கம் விட்டுப்போனால் மாற்று வழி கிடையாது. அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பளு கணக்கிடச் சொல்கிற நம் இந்தியத் தர விதி, வீட்டுப் பால்கனிக்குக் குறைந்தது 300 கிலோ என்கிறது. ஊர்வலம், திருவிழா, கல்யாணம் என்றால் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கேதான் போய் நிற்பார்கள் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

இன்னொரு கணக்கும் உண்டு. பால்கனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், வேரில் வரும் வளைவு விசை நாலு மடங்காகிறது. "இன்னும் ரெண்டடி சேர்த்துப் போடுங்க சார், பார்ட்டி கேக்கறாங்க" என்று சொல்பவர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

இது புது விஷயமும் அல்ல. நம் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்கள். வேலிக்குக் கல்தூண், கூரைக்குக் கற்பலகை, ஜன்னலுக்கு மேலே நிழலுக்கு ஒரு கற்பலகை. குவாரியில் உடைத்து, வண்டியில் ஏற்றி வந்து, சுவரில் செருகி வைத்தார்கள். வேறு இடத்தில் செய்து கொண்டுவந்து பொருத்துவதுதானே ப்ரீகாஸ்ட்? நம் தாத்தாக்கள் அதைத்தான் செய்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த சூத்திரம் ஒன்றுதான்: வெளியே நீட்டுகிற கல்லின் பின்பக்கத்தைச் சுவருக்குள் செலுத்தி, அதன் மேல் பாரம் ஏற்ற வேண்டும். ஆவுடையார்கோயில் கொடுங்கையை அண்ணாந்து பார்த்து வாய்பிளக்கிறோம். நாம் பார்ப்பது முன்னால் தொங்குகிற வேலைப்பாட்டை. அது நிற்பது பின்னால் நம் கண்ணில் படாத கனத்தால். இன்று நான் சொல்லவந்த செய்தி இவ்வளவுதான். மீதியெல்லாம் இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாடு.

ப்ரீகாஸ்ட் நம் பகுதிக்கு எப்படி வந்தது? 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது முதல் ஆலைகள் பெருகின. இப்போது சூளகிரி, போச்சம்பள்ளி, கெலமங்கலம் என்று எல்லாப் பக்கமும் ஆலைகள். ஆலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டும். 2019-ல் ஓசூர் மாநகராட்சியே ஆகிவிட்டது. ஆனால் உள் தெருக்கள் பழைய ஓசூரின் தெருக்கள்தான். அங்கே மணல் கொட்ட இடமில்லை, கம்பி வளைக்க இடமில்லை. அதனால், தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கி மாட்டு என்றாகிவிட்டது.

பெங்களூரில் 2017 ஆகஸ்டில் இந்திரா கேன்டீன்களைத் திறந்தார்களே, வார்டுக்கு ஒன்று என்று, கிடைத்த சின்னச் சின்ன இடங்களில்! அவற்றின் ப்ரீகாஸ்ட் பாகங்கள் நம் கிருஷ்ணகிரியிலுள்ள கே.இ.எஃப். தொழிற்பூங்காவில் வார்க்கப்பட்டுப் போனவை. சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் 12 பிளாக்குகளில் 1,152 வீடுகள் ப்ரீகாஸ்ட் முறையில் எழும்பின; 2022 மே மாதம் திறந்தார்கள். பெரும்பாக்கம் திறந்த வெளி, கிரேன் சுற்றிச்சுற்றி வரலாம். எங்களுக்கு வாய்த்தது சந்து.

அந்தச் சந்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். ஓசூர் பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற 18 அடித் தெரு. தரைத்தளத்துக்கு மேல் ஐந்து மாடி. வீட்டுக்கு ஒரு பால்கனி: 10 அடி நீளம், 4 அடி அகலம், 6 அங்குலத் தடிமன். ஒன்றின் எடை ஏறக்குறைய 1.4 டன். "அட, இவ்வளவுதானே, 12 டன் ஹைட்ரா ஒண்ணு கூப்பிட்டாப் போதுமே" என்று தோன்றும். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் தோன்றியது. கிரேனின் மேல் எழுதியிருப்பது பக்கத்தில் வைத்துத் தூக்கக்கூடிய எடை. கை நீள நீளத் தூக்கும் திறன் மளமளவென்று இறங்கிவிடும். எங்கள் சந்துக்குள் கிரேன் தன் கால்களை முழுதாக விரிக்க முடியாது. விரிக்காவிட்டால் அதன் பட்டியலில் உள்ள எடையை நம்பக்கூடாது. கடைசியில் தெருமுனையில் 50 டன் கிரேனை நிறுத்தி, 60 அடி தள்ளி இருக்கிற பால்கனியை எட்டிப் பிடித்து வைத்தோம். 1.4 டன்னைத் தூக்க 50 டன் கிரேன்! வாடகை பில்லைப் பார்த்த கணக்காளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு சைபர் தப்பா விழுந்திருச்சா?" என்று கேட்டார்.

தூக்குவதற்கு முன்னால் செய்கிற வேலைகள்தான் நிஜ வேலை. மின்வாரியத்துக்கு எழுதி, தெருக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்த நேரம் வாங்க வேண்டும். பள்ளி வேன் வருகிற நேரத்தில் தலைக்கு மேல் எதுவும் ஆடக்கூடாது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் முந்தின நாளே போய்ச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டிருப்பார்! அவருக்குக் கன்னடம், எதிர்வீட்டுக்காரருக்குத் தெலுங்கு, கிரேன் ஆபரேட்டருக்குத் தமிழ், ஸ்லிங் மாட்டுகிற பையன்களுக்கு இந்தி. நாலு மொழியிலும் "நகராதே" என்று சொல்லத் தெரியாமல் ஓசூரில் சைட் என்ஜினீயராக இருக்க முடியாது.

பால்கனி ஆடாமல் ஏற இரண்டு முனையிலும் கயிறு கட்டி, கீழே இரண்டு பேர் பிடிப்பார்கள். மேலே ஏற்கெனவே மட்டம் பார்த்து முட்டுகள் நிற்கும். பால்கனி அந்த முட்டின் மேல் உட்காரும். அதன் பின்பக்கத்திலிருந்து, மேல்முகத்தை ஒட்டி, 12 எம்.எம். கம்பிகள் 5 அடி நீட்டிக்கொண்டிருக்கும். அவை வீட்டுக்குள் இருக்கிற தளத்தின் மேல் படுக்கும். அதன் மேல் கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு பால்கனியும் தளமும் ஒன்றாகிவிடும். கொக்கியை அவிழ்த்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் பால்கனியைத் தாங்கிக்கொண்டிருப்பது முட்டு. கம்பி தாங்கப்போவது இனிமேல்தான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தப்பில் என் பங்கும் இருக்கிறது, அதனால் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை.

நாலாவது மாடிப் பால்கனிகள் ஏறி, கான்கிரீட் போட்டு ஏழு நாள் ஆகியிருந்தது. மேல்மாடிக்கு முட்டு பற்றவில்லை. சப் கான்ட்ராக்டரின் ஆட்கள் இரவோடு இரவாக நாலாவது மாடி முட்டுகளைக் கழற்றி மேலே கொண்டுபோய்விட்டார்கள். கேட்டால், "கோடு புக்குல ஏழு நாள்னுதான சார் போட்டிருக்கு" என்று பதில். உண்மைதான், ஐ.எஸ். 456-ல் ஏழு நாள் என்று இருக்கிறது. ஆனால் அது நாலரை மீட்டர் வரை இரண்டு பக்கமும் தாங்கலுள்ள தளத்தின் முட்டுக்கு. ஒற்றைப் பக்கம் தொங்குகிற பால்கனிக்கு நாள் கணக்குப் பார்க்கக்கூடாது. கான்கிரீட்டுக்கு வேண்டிய பலம் வந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலையில் சிறு தூறல். தளி பக்கத்திலிருந்து வருகிற எங்கள் மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்து, "சார், கொஞ்சம் மேல வந்து பாருங்க" என்றார். போனேன். ஐந்தாறு பால்கனியில் தண்ணீர் ஓரத் துவாரம் வழியாக ஓடிப்போயிருந்தது. ஒன்றில் மட்டும் வெளி விளிம்பின் நடுவில் குட்டையாக நின்றது.

"ஓட்டை அந்தப் பக்கம் இருக்குது, தண்ணி இந்தப் பக்கம் நிக்குது. தண்ணி பொய் சொல்லாது சார்" என்றார்.

ட்யூப் லெவல் பிடித்துப் பார்த்தோம். விளிம்பு 12 மி.மீ. இறங்கியிருந்தது. ஒரே ஒரு இரவில்! அந்தப் பால்கனியில் யாரும் நிற்கவில்லை, ஒரு பூந்தொட்டிகூட இல்லை. என் கையில் இருந்த டீ கிளாஸ் ஆடியது இன்றும் நினைவிருக்கிறது. உடனே கீழே தெருவைத் தடுத்து, ஆட்களை விலக்கி, கீழ் மாடியிலிருந்து முட்டுக் கொடுத்து மறுபடி தாங்கினோம்.

பிறகு தளத்தை இரண்டடி அகலத்துக்குக் கொத்தித் திறந்து பார்த்தோம். கம்பி எல்லாம் இருந்தது; எண்ணிக்கையும் சரி. ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. 40 மி.மீ. கீழே கிடந்தது.

எப்படி? 4 அடிப் பால்கனி, அதன் பின்னால் 5 அடிக் கம்பி: மொத்தம் 9 அடி. லாரியின் அகலம் அதைவிடக் குறைவு. கம்பி வெளியே நீட்டிக்கொண்டு சந்துச் சுவரில் இடித்திருக்கிறது. லாரிக்காரர் பைப்பைச் செருகி எல்லாக் கம்பியையும் மேல்நோக்கி மடக்கிவிட்டார். சைட்டில் நம் ஆட்கள் அதே பைப்பைப் போட்டு நிமிர்த்தினார்கள். மடங்கி நிமிர்ந்த கம்பி பழைய கம்பி அல்ல. வேரில் ஒரு கோணல் இருந்தது, மேலே ஆட்கள் மிதித்து நடந்தார்கள், கம்பி அமுங்கிவிட்டது.

தம்பி தங்கைகளே, இந்தக் கணக்கை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 150 மி.மீ. தளம். மேலிருந்து 30 மி.மீ. ஆழத்தில் கம்பி இருந்தால், அடியிலிருந்து அதற்குள்ள உயரம் 120 மி.மீ. அது 40 மி.மீ. இறங்கினால் மிஞ்சுவது 80. கம்பி அதே கம்பி, கான்கிரீட் அதே கான்கிரீட். பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. முழுக்கக் கீழே படுத்துவிட்டால், அந்தக் கம்பி இருந்தும் இல்லாததுபோலத்தான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பால்கனியும் ஒரே மாதிரி அழகாக இருக்கும்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒரு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு வரி: "மேல் கம்பியின் இடம் சரிபார்க்கப்பட்டது." அன்றைக்கு மழை. நான் சைட் ஆபீசில் உட்கார்ந்துகொண்டே எல்லா வரிக்கும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டவன். அந்தக் கம்பியை நான் பார்க்கவே இல்லை. சாயங்காலம் மேலதிகாரி வந்தார். அட்டையைப் புரட்டினார். "கியூப் டெஸ்ட் பாஸ் ஆயிருக்கு, அட்டையில கையெழுத்து இருக்கு. திறந்ததை மூடிட்டு அந்த ஒண்ணுக்கு மட்டும் கீழே ரெண்டு ஆங்கிள் கொடுத்துரலாம். மத்ததை எதுக்குக் கிளறணும்?" என்றார். என் கையெழுத்தே எனக்கு எதிரே நின்றது.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அதிகம் நினைத்தது அந்த வீட்டுக்கு வரப்போகிறவர்களைத்தான். ஷிப்ட் முடிந்து வந்து, பால்கனியில் ஈரத் துணியைப் பிழிந்து போடுகிற ஒரு பெண். பக்கத்தில் ஒரு குழந்தை. காலையில் போய், "அட்டையில நான் போட்டது பொய்க் கையெழுத்து சார், அதை எழுதிக் கொடுத்துர்றேன்" என்றேன். அப்புறம் அவரும் மறுக்கவில்லை. கவர் மீட்டர் வரவழைத்து எல்லாப் பால்கனியையும் சோதித்தோம். இன்னும் இரண்டில் அதே கோளாறு. மூன்றையும் கழற்றி இறக்கினோம். 19 நாள் வேலை நின்றது. அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு வரவில்லை. கம்பியை இரண்டு துண்டாக்கி, சைட்டில் மரை போட்டு முறுக்கிச் சேர்க்கும் இணைப்புக்கு மாறினோம். லாரியிலும் இடிக்காது, யாரும் மடக்கவும் வேண்டாம். முதலிலேயே சந்தின் அகலத்தை அளந்துவிட்டு டிராயிங் போட்டிருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது.

இது ஓசூரில் மட்டும் நடப்பதல்ல. லண்டனில் ரோனன் பாயிண்ட் என்று 22 மாடி ப்ரீகாஸ்ட் குடியிருப்பு. 1968 மே 16 அன்று, ஆட்கள் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 18-ஆம் மாடியில் ஒரு சமையல் கேஸ் வெடிப்பு; கட்டடத்தின் ஒரு மூலை முழுக்கச் சரிந்து நாலு பேர் இறந்தார்கள். 1986-ல் அதைப் பிரித்தபோது, பலகைகளுக்கிடையே கலவை நிரம்பியிருக்க வேண்டிய இணைப்புகள் சரியாக நிரப்பப்படாமலே இருந்தது தெரிந்தது. பலகை உடையவில்லை. இணைப்புதான் கைவிட்டது.

மரச்சட்டக் கட்டடங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் நாலைந்து மாடி அடுக்குமாடிகளை மரச்சட்டத்திலேயே கட்டுகிறார்கள். 2015 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு பிறந்தநாள் விருந்தின்போது, ஐந்தாம் மாடிப் பால்கனி ஒடிந்து விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள், ஏழு பேர் காயம். இறந்தவர்களில் ஐந்து பேர் அயர்லாந்திலிருந்து கோடை விடுமுறை வேலைக்கு வந்த மாணவர்கள், உங்கள் வயதுதான். கட்டடத்துக்குப் பத்து வயதுகூட இல்லை. உள்ளிருந்து நீட்டிய மர உத்தரங்கள், உள்ளே சிக்கிய ஈரத்தால் வேரில் மக்கிப்போயிருந்தன. மேலே பார்க்கத் தளம் நன்றாகத்தான் இருந்தது. அதன்பின் 2018-லும் 2019-லும் அந்த மாநிலம் சட்டம் போட்டது. வாடகை அடுக்குமாடிகளில் ஆறு ஆண்டுக்கு ஒரு முறையும், சொந்த அடுக்குமாடிகளில் ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறையும் பால்கனிகளைச் சோதித்தே ஆக வேண்டும்.

இப்போது மரக் கட்டடங்களுக்கு உத்தரத்தை வெளியே நீட்டாமல், முழுப் பால்கனியையும் இரும்பிலோ அலுமினியத்திலோ தொழிற்சாலையில் செய்து, முன்பே பதித்த தாங்கிகளில் போல்ட் போட்டு மாட்டும் முறையும் இருக்கிறது. எடை குறைவு; எங்கள் சந்து மாதிரி இடத்துக்கு மிகவும் வசதி. ஆனால் அதிலும் பாடம் அதேதான். போல்ட் மரத்தைத் துளைக்கும் இடத்தில் தண்ணீர் புகாமல் காக்க வேண்டும். இன்னொன்று, மரம் காயக்காய ஒவ்வொரு மாடியும் சில மி.மீ. சுருங்கி இறங்கும். பால்கனிக்குத் தரையிலிருந்து தனி இரும்புக்கால் கொடுத்தால் அது இறங்காது. முதல் ஆண்டு சரியாக இருந்த கதவு வாசல், பிறகு பால்கனியைவிடத் தாழ்ந்து, மழைநீர் வீட்டுக்குள் வரும். இதை முன்பே எண்ணி மட்டம் வைக்க வேண்டும்.

"நமக்கு எதுக்குப்பா மரக் கட்டடம்?" என்று கேட்காதீர்கள். நான் சொன்ன கிருஷ்ணகிரி கே.இ.எஃப். நிறுவனம், 2018-ல் அமெரிக்காவின் கட்டெராவோடு இணைந்தது. கட்டெரா 2019-ல் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டட மரப்பலகைக்கென்றே பெரிய ஆலை திறந்தது. 2021 ஜூனில் திவால் மனுவும் கொடுத்தது. அதாவது நம் கிருஷ்ணகிரிக்கும் அந்த மரத்துக்கும் ஏற்கெனவே உறவு உண்டு. நம் நாட்டிலும் மத்தியப் பொதுப்பணித் துறை, 1993 முதல் தன் கட்டடங்களில் மரத்துக்கு விதித்திருந்த தடையை 2020-ல் நீக்கிவிட்டது. உங்கள் காலத்தில் நீங்கள் மரக் கட்டடம் கட்டுவீர்கள். அப்போது தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

முடிக்கிறேன். படிக்கிறவர்களுக்கு மூன்று சொல்கிறேன். ஒன்று, டிராயிங் போடுவதற்கு முன்னால் தெருவை அளந்துவிட்டு வாருங்கள். லாரி திரும்புமா, கிரேன் கால் விரியுமா என்பதும் டிசைன்தான். இரண்டு, பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மழை பெய்தால் குடையோடு போய்ப் பாருங்கள். மூன்று, உங்களைவிடக் குறைவாகப் படித்தவர், "சார், கொஞ்சம் மேல வந்து பாருங்க" என்று கூப்பிட்டால் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று நிறுவனம் நடத்துகிறீர்கள், சைட்டுக்கு மேலதிகாரியாக இருக்கிறீர்கள். நம் கல்லூரிப் பிள்ளை ஒருவன் உங்களிடம் வந்து, "சார், நான் தப்பாக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்று சொன்னால், முதலில் அவனை உட்காரச் சொல்லுங்கள். அதன் பிறகு திட்டுங்கள். முதலிலேயே திட்டினால் அடுத்தவன் சொல்ல வரமாட்டான்; பால்கனிதான் வந்து சொல்லும்.

அந்த மேஸ்திரி இப்போது வேலைக்கு வருவதில்லை. தளி பக்கத்தில் ரோஜாத் தோட்டம் பார்த்துக்கொண்டு மகனோடு இருக்கிறார். அந்தக் கட்டடத்தில் இன்று எல்லா வீட்டிலும் குடித்தனம் இருக்கிறது. பாகலூர் ரோடு வழியாகப் போகும்போதெல்லாம் அந்தச் சந்துக்குள் திரும்பி நாலாவது மாடியைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். போன வாரமும் பார்த்தேன். ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.